உப்புத்தொட்டிக்கு ஏற்ற உடம்பு

உப்புத்தொட்டியில் படுத்திருப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அறுவை அரங்கின் மற்ற விதிகளையெல்லாம் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இதை மட்டும் டாக்டர் தமயந்தி ஒட்டவிடவில்லை. சுவரில் ஏறிவிட்டால் அப்புறம் ஒருத்தரும் அதைப் படிக்க மாட்டார்கள் என்பது அவள் கட்சி.

மயக்க மருந்து மருத்துவர் என்று பெயர்தானே தவிர, இந்த அரங்கில் அவள் யாரையும் மயங்க விடுவதில்லை. முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளியின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை கேட்பாள். ஒரு மூச்சுக்கு எத்தனை சொல் வருகிறது என்பதில்தான் அவள் கவனம் இருக்கும். சொல் குறைந்தால் நுரையீரல் திணறுகிறது என்று அர்த்தம். பேச்சு நின்றால் கத்தியும் நின்றாக வேண்டும். அதைச் சொல்ல மெஷின்கள் இருந்தன. ஆனாலும் மெஷின் கூவுவதற்கு முன்பே பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பதை அவள் அனுபவத்தில் கண்டிருந்தாள்.

கஷ்டம் என்னவென்றால், அங்கே வருகிற பெண்கள் பெரும்பாலும் வாய் பேசாதவர்கள். கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று கேட்டதில் பாதிப் பேச்சு போயிருக்கும். ஆயுசு முழுக்க உடம்பைச் சொல்லிச் சொல்லியே ஊர் மீதிப் பேச்சைப் பிடுங்கியிருக்கும். அதனால் ரெஜினாள் முதல் முறை வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தான் தூத்துக்குடி கடற்கரைத் தெருக்களில் வரன் பார்த்துக் கொடுப்பவர் என்று சொன்னபோது தமயந்திக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கல்யாணத் தரகருக்குப் பேச்சுக்கா பஞ்சம்?

ரெஜினாளுக்கு ஐம்பத்திரண்டு வயது, நூற்று நாற்பத்தாறு கிலோ. தீட்டு நின்று மூன்று வருஷத்துக்குப் பிறகு மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது. அன்று அவரைவிட அவர் கணவர் கஸ்பார்தான் அதிகம் பேசினார்.

"மூணு ஆஸ்பத்திரி ஏறி இறங்கியாச்சு டாக்டரம்மா. வயித்தக் கிழிச்சு எடுத்தா தையல் ஆறாதுங்காவ. அப்ப சின்ன ஓட்டை போட்டு எடுங்கன்னா, அதுக்கு மூச்சு தாங்காதுங்காவ. கடைசியா ஒருத்தர் இருபது கிலோ குறைச்சிட்டு வான்னுட்டாரு. இவ குறைக்கிறதுக்குள்ள நோய் கூடிராதா?"

"துளை போட்டுச் செய்யறதுதான் இவங்களுக்கு நல்லது," என்றாள் தமயந்தி. "காயம் சின்னது, சீழ் பிடிக்காது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனா துளை வழியா பாக்கணும்னா உள்ள இடம் வேணும். அதுக்குக் காத்து அடைச்சு வயித்தை உப்ப வைப்பாங்க. குடல் ஒதுங்கறதுக்காகத் தலையைக் கீழ சாய்ப்பாங்க. அப்ப வயித்தோட கனம் மொத்தமும் நெஞ்சு மேல வந்து உக்காந்துடும். அதைத்தான் மூச்சு தாங்காதுன்னு சொல்லியிருக்காங்க."

"இங்க மட்டும் தாங்குமா?"

அதற்குப் பதில் சொன்னவர் டாக்டர் சங்கரபாண்டியன். தொட்டியை இங்கே கொண்டுவந்த அறுவை மருத்துவர் அவர்தான். அதைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு.

"கொழுப்பு தண்ணில மிதக்கும் இல்லையா? நல்ல உப்புத்தண்ணில இன்னும் நல்லா மிதக்கும். உப்பளத்துத் தண்ணியச் சுத்தம் பண்ணித் தொட்டில நிரப்புவோம். முதுகைக் கட்டிலோட சேத்து பெல்ட் போட்டுருவோம். வயிறு மட்டும் தானா மேல எழும்பும். உள்ள இடம் கிடைச்சிரும். காத்தும் கொஞ்சம் போதும், சாய்க்கறதும் கொஞ்சம் போதும். நெஞ்சுல பாரமே தெரியாது. ஒல்லியா இருக்கறவங்களுக்கு இது ஆகாது. இங்க குண்டா இருக்கறதுதான் தகுதி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ரெஜினாள் சிரிக்கவில்லை. தமயந்திக்கு அது உறுத்தியது. அவள் முன்னால் குனிந்து, தன்னால் முடிந்த அளவு கனிவாகச் சொன்னாள்.

"உங்க எடை ஒரு குறையே இல்லம்மா. இன்னிக்கு எடுக்கற ஸ்கேனை வச்சுதான் உப்பு எவ்வளவுன்னு முடிவு பண்ணுவோம். ஒவ்வொருத்தருக்கும் தண்ணி மாத்தணும், அதனால வரிசை நீளம். உங்க முறை அடுத்த மாசம் வரும். அதுவரைக்கும் இப்ப இருக்கற மாதிரியே இருங்க. குறைக்க வேண்டாம்."

ரெஜினாள் அவளை உற்றுப் பார்த்தார். "சரி டாக்டரம்மா. ரொம்ப சந்தோசம்," என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

அந்தக் கும்பிடு அளவுக்கு மீறின மரியாதையாக இருந்தது. தமயந்தி அதை நன்றி என்று எடுத்துக்கொண்டாள்.

அறுவை நாளன்று காலையில் எடை பார்ப்பார்கள். ஸ்கேன் எடுத்த நாளின் எடையும் இதுவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் அந்த உப்பு அளவு செல்லும். முன்பெல்லாம் நர்ஸ் ஒருத்தி எடையை வார்டுக்கே கேட்கிற மாதிரி கூவிச் சொல்வாள். வாசலில் நிற்கிற செக்யூரிட்டிகூடத் திரும்பிப் பார்ப்பான். அதைத் தமயந்திதான் சண்டை போட்டு மாற்றினாள். இப்போது எடைமேடை திரைக்குப் பின்னால் இருக்கிறது. நைட்டியோடேயே ஏறி நிற்கலாம், பக்கத்தில் ஒருத்தரும் நிற்கக் கூடாது. எண் நேராகத் தொட்டியின் கணினிக்குப் போய்விடும். நல்லது செய்தோம் என்று அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ரெஜினாளின் எடை ஒரு கிலோகூட மாறவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் மட்டும் சற்றுக் குறைவாக இருந்தது. பயத்தில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைத்து, அதை ஏற்றிச் சரிசெய்துவிட்டு தமயந்தி அரங்குக்குப் போனாள்.

தொட்டியில் இறக்கியபோது ரெஜினாள் நல்ல தெம்பாகத்தான் இருந்தார். வெதுவெதுப்பான உப்புநீர் அக்குள் வரை நின்றது. மேலே உத்தரத்திலிருந்து நாலு இயந்திரக் கைகள் மடங்கித் தொங்கின. நர்ஸுகள் அதற்கு நண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். சங்கரபாண்டியன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அதை இயக்குவார்.

"எத்தனை கல்யாணம் முடிச்சு வச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தாள் தமயந்தி.

"முந்நூறைத் தாண்டியாச்சு டாக்டரம்மா. அதுல நாலு ஜோடி சேந்து வாழல. அதுக்கு நான் பொறுப்பில்ல, அந்தப் பயலுவ சரியில்ல."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணணும்னு சொல்வாங்களே."

"ஆயிரம் எதுக்கு? ரெண்டு போதும். வயசுல ரெண்டைக் குறைப்பேன், எடைல பத்தைக் குறைப்பேன். குண்டுன்னு சொல்லவே கூடாது. பூசினாப்ல இருப்பான்னு சொல்லணும். அதுக்கும் மேல இருந்தா மங்களகரமா இருப்பான்னு சொல்லணும். அதுக்கும் மேலன்னா பொண்ணுக்குக் கை வேலை நல்லா வரும்னு பேச்ச மாத்திரணும்."

நர்ஸுகள் சிரித்தார்கள். துளைகள் போட்டாயிற்று. ஒவ்வொரு துளையையும் சுற்றி, உப்புநீர் உள்ளே போகாதபடி ஒட்டுவளையம் பிடித்திருந்தது. நண்டு இறங்கி வேலையைத் தொடங்கியது. முதல் பத்து நிமிஷம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒலிபெருக்கியில் சங்கரபாண்டியன் குரல் வந்தது.

"இடம் பத்தல. காத்தைக் கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினார்கள்.

"இன்னும் பத்தல. தலையைச் சாய்க்கணும்."

சாய்த்தார்கள். ரெஜினாள் கல்லாமொழி ஊர்க்கார மாப்பிள்ளை ஒருவனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் முழு வாக்கியமாக வந்தது. பிறகு நாலு சொல், ஒரு மூச்சு. பிறகு இரண்டு சொல்.

"அவன்... கப்பல்ல... நல்ல வேலை... ஆனா..."

"இன்னும் ரெண்டு டிகிரி," என்றது ஒலிபெருக்கி.

"முடியாது சார். மூச்சு திணறுது."

"இப்படியே வச்சிருந்தா எனக்கு எதுவுமே தெரியல தமயந்தி. குடல் வந்து வந்து விழுது. இவங்க ஸ்கேனுக்கு இப்படி ஆகவே கூடாது."

தமயந்தி எழுந்து நின்று தொட்டியைப் பார்த்தாள். எப்போதும் வயிறு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் எழும்பி நிற்கும். இன்றைக்கு நாலு விரல்கூட இல்லை. குனிந்து ரெஜினாளின் காதோரமாக, வேறு யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"எடை குறைச்சீங்களா?"

ரெஜினாள் பேசவில்லை. அரங்கில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள்.

"கட்டிலைச் சமமாக்குங்க. காத்தைப் பாதி இறக்குங்க," என்றாள் தமயந்தி.

"என்ன பண்றீங்க? ரத்தக்குழாயைப் பிடிச்சிருக்கேன்!"

"பிடிச்சுக்கிட்டே இருங்க சார். ஒரு நிமிஷம்."

கட்டில் சமமானதும் ரெஜினாளுக்கு மூச்சு வந்தது. கண்ணோரம் வழிந்தது உப்புநீரா கண்ணீரா என்று தெரியவில்லை. "பன்னெண்டு கிலோ," என்றார்.

"காலைல மெஷின் சரியா காட்டுச்சே?"

"வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு. துணில முடிஞ்சு இடுப்புல கட்டிட்டு நின்னேன். பக்கத்துல யாரும் இல்லல்லா. பொறவு கக்கூசுல கழட்டி அவருகிட்ட குடுத்துட்டேன்."

காலமெல்லாம் எடைமேடையில் ஏறும் முன் வளையலையும் செருப்பையும் கழற்றி வைத்த பெண், இன்றைக்கு ஈயத்தைக் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார். தமயந்திக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நான்தான் குறைக்காதீங்கன்னு சொன்னேனே. ஏம்மா?"

"எடை ஒரு குறையே இல்லன்னு சொன்னியளே டாக்டரம்மா." ரெஜினாள் மூச்சு வாங்கிக்கொண்டார். "இருபத்தாறு வருசமா அந்தப் பேச்சக் கேக்கேன். மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா மொதல்ல அதத்தான் சொல்லுவாவ. எடையெல்லாம் ஒரு குறையே இல்ல, கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்னு. அதுக்கு மேல போன் வராது. நீங்களும் அதையே சொல்லி, அடுத்த மாசம் வாங்கன்னிய. வேற என்ன நினைக்க? மூணு பேரு மூஞ்சிக்கு நேரா குறைன்னாவ, நாலாவது ஆளு நாகரிகமாச் சொல்லுதாவன்னு நினைச்சேன். மோரும் தண்ணியுமா கிடந்தேன். போன வாரம் நர்ஸம்மா போன் போட்டு, எடை மாறிட்டா தேதி போயிரும்னு சொன்னப்பதான் நிசம்னு தெரிஞ்சிது. ஒரு வாரத்துல எங்க போயி ஏத்த?"

தமயந்தி அந்த வாக்கியத்தை எத்தனை பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். அது ஆறுதல் என்றே இந்த நிமிஷம் வரை நம்பியிருந்தாள். பொட்டாசியம் குறைவாக இருந்தபோதாவது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சங்கரபாண்டியன் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

"பாதி வேலை முடிஞ்சாச்சு. ரெண்டு பக்கமும் ரத்தக்குழாயைக் கட்டியாச்சு. கர்ப்பப்பையை இந்த நிலைல விட்டுட்டு வெளிய வர முடியாது. ஒண்ணு, மயக்கம் குடுத்து வயித்தைக் கிழிக்கணும்."

"மயக்கம் குடுத்தா திரும்பக் கண்ணு முழிப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது சார்."

"இன்னொண்ணு, உப்பைக் கூட்டிப் பாக்கலாம். தண்ணி கனமானா இருக்கற கொழுப்பே போதும், வயிறு எழும்பிடும். ஆனா இவ்வளவு கனமான தண்ணில நாம யாரையும் போட்டதில்ல. துளையைச் சுத்தின வளையம் தாங்கணும். கசிஞ்சு உப்பு உள்ள போனா ரத்தத்துல ஏறும். வலிப்பு வரலாம், நினைவு போகலாம்."

"அவங்ககிட்ட கேக்கறேன்."

"வயித்துக்குள்ள கத்தியை வச்சுக்கிட்டு யாராவது சம்மதம் கேப்பாங்களா தமயந்தி?"

"முழிச்சிருக்காங்க சார்," என்றாள் அவள்.

ஸ்டூலை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை. நயமாகச் சொன்னால் இந்த அம்மாள் அதை மறுப்பு என்றே எடுத்துக்கொள்வார். நயம்தான் இவரை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

"ரெஜினாள், நான் இப்ப மரியாதைக்குப் பேசப் போறதில்ல. நீங்க பட்டினி கிடந்தது தப்பு. அதனால உள்ள இடம் இல்ல. வயித்தைக் கிழிச்சா நீங்க பிழைக்கறது கஷ்டம். உப்பைக் கூட்டினா பிழைக்கலாம், ஆனா இதுவரைக்கும் நாங்க செஞ்சதில்ல. உப்பு உள்ள கசிஞ்சா மூளையைப் பாதிக்கும். நல்லா நடக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

ரெஜினாள் அவள் முகத்தையே பார்த்தார். இருபத்தாறு வருஷமாக வீடு வீடாக முகம் பார்த்துப் பழகிய கண்.

"இது நிசம்," என்றார். "உப்பையே போடுங்க. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாவ, நீங்க என்னயவே உப்புல போட்டுட்டிய. நினைக்காம இருக்க முடியுமா?"

பம்பு ஓடத் தொடங்கியது. தொட்டித் தண்ணீர் மெல்லக் கனத்தது. தோள் பெல்ட்டுகள் இறுகி முனகின. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வயிறு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. நாலு விரல், அப்புறம் ஒரு கை அகலம், அப்புறம் முக்கால் சாண்.

"தெரியுது," என்றார் சங்கரபாண்டியன். "நல்லாத் தெரியுது. யாரும் எதையும் தொடாதீங்க."

ரெஜினாள் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். தமயந்தி தடுத்தாள். மனப்பாடமாக வருவது மூச்சைக் காட்டாது, யோசித்துப் பேசினால்தான் மூளையும் தெரியும். "வேற ஏதாவது பேசுங்க."

"டாக்டரம்மாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆச்சு. பிரிஞ்சும் ஆச்சு."

"பிள்ளைய?"

"இல்ல."

"பழையகாயல்ல ஒரு பேராசிரியர் இருக்காரு. பொண்டாட்டி தவறி நாலு வருசம். தலைல முடி கிடையாது, ஆனா குணம் தங்கம். உங்க எடை என்ன?"

நர்ஸ் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் ரத்தத்தில் உப்பின் அளவு மெல்ல ஏறத் தொடங்கியிருப்பதைத் திரை காட்டியது. எங்கோ ஒரு வளையம் கசிகிறது.

"சார், உப்பு ஏறுது."

"எவ்வளவு நேரம் தருவீங்க?"

"இவங்க பேசற வரைக்கும்."

தமயந்தி சலைனை மாற்றினாள், மருந்தைக் கூட்டினாள். எண் ஏறுவது நிற்கவில்லை, வேகம் மட்டும் குறைந்தது. ரெஜினாள் பேராசிரியரின் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மாடி உண்டு. தென்னை உண்டு. தங்கச்சி ஒருத்தி, அவளும் கட்டிக்கொடுத்தாச்சு. பிறகு மாடி உண்டு என்று மறுபடி சொன்னார். நாக்கு கனத்துக் குழறியது.

"பேராசிரியர் எந்த ஊரு ரெஜினாள்?"

"பழைய... அந்த... ஆத்துக்கு..."

"ஊர் பேரு சொல்லுங்க. ரெஜினாள். ஊர் பேரு."

தமயந்தி கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "சார், போதும். தண்ணியை வடிக்கறேன்."

"வடிக்காதீங்க. கர்ப்பப்பை கைக்கு வந்தாச்சு, கீழ்வழியா இறங்குது. இதோ."

"சார்."

"எடுத்தாச்சு. வடிங்க."

தண்ணீர் பெரும் சத்தத்தோடு இறங்கியது. வயிறு மெல்லத் தாழ்ந்தது. தமயந்தி ரெஜினாளின் கன்னத்தைத் தட்டினாள். கண் திறந்திருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. தமயந்தி தெய்வ நம்பிக்கை உள்ளவள் இல்லை. அன்றைக்கு யாரையோ கூப்பிட்டாள், யாரை என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. உள்ளே போன உப்பைக் கழுவினார்கள், ரத்தத்தைச் சரிக்கட்டினார்கள். துளைகளைத் தைத்து முடித்த பிறகும் வெகுநேரம் அவள் அந்த ஸ்டூலை விட்டு எழவில்லை.

"பழையகாயல்," என்று தெளிவாகச் சொன்னார் ரெஜினாள். தமயந்தி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

நாலாம் நாள் ரெஜினாள் கஸ்பாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். அறிக்கை நல்லபடியாக வந்தது. நோய் கர்ப்பப்பையைத் தாண்டவில்லை.

ஆனால் சங்கரபாண்டியனுக்குத் தூக்கம் போய்விட்டது. மறுவாரமே தமயந்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"யோசிச்சுப் பாத்தீங்களா? கனமான தண்ணில போட்டா எடை குறைஞ்சவங்களுக்கும் தொட்டி வேலை செய்யுது. வளையத்தை மட்டும் பலப்படுத்திட்டா போதும். ஒவ்வொருத்தருக்கும் தண்ணி மாத்தவே வேண்டாம். வடிகட்டிச் சுத்தம் பண்ணினா ஒரே தண்ணி, ஒரே அளவு. ஒரு நாளைக்கு ஒருத்தருக்குச் செஞ்ச இடத்துல மூணு பேருக்குச் செய்யலாம்."

"ரொம்ப கனமானவங்களுக்கு?"

"அந்தத் தண்ணில அவங்க வயிறு அளவுக்கு மேல எழும்பிடும், பெல்ட் தாங்காது. நூத்தி முப்பத்தஞ்சு கிலோ வரைக்கும்தான் முடியும். மத்தவங்களுக்கு மாசத்துல ஒரு நாள் பழைய தண்ணி வச்சுக்கலாம்."

நியாயமாகத்தான் இருந்தது. புதிய வளையம் வந்தது, ஒரு துளிகூடக் கசியவில்லை. வரிசை மளமளவென்று குறைந்தது. வேறு ஊர்களிலிருந்து மருத்துவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாதத்தில் ஒரு நாளுக்காகத் தண்ணீரை மாற்றி, மறுபடி பழையபடி கொண்டுவர இரண்டு நாள் வீணாகிறது, அந்த இரண்டு நாளில் ஆறு பெண்களை முடிக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. ஆறு உயிரா, ஒரு உயிரா? அப்படிக் கேட்டால் யார்தான் என்ன சொல்வார்கள். பழைய தண்ணி நாளை நிறுத்திவிடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். தமயந்தி பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு அவளும் தூக்கினாள்.

ரெஜினாள் அரை வருஷப் பரிசோதனைக்கு வந்தபோது கூடவே இன்னொரு பெண்ணையும் அழைத்து வந்தார். அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நாற்காலியின் கைப்பிடி இடிக்கும் என்று தெரிந்து, கேட்காமலே ஓரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த பிறகும் மூச்சு இறைத்தது.

"இவ சந்தனமாரி. நம்ம தெருதான்," என்றார் ரெஜினாள். முகம் பூரித்திருந்தது. "எனக்கு வந்த அதே நோய். நாலு எடத்துல எடையக் குறைச்சிட்டு வான்னு தொரத்தியிருக்காவ. நான் சொன்னேன், எங்க டாக்டரம்மாகிட்ட வா, குறைக்கவே கூடாது, நான் குறைச்சிட்டுப் போயி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்னு. நம்ப மாட்டேன்னுட்டா. மாதா மேல சத்தியம் பண்ணி நம்ப வச்சேன். ஒரு மாசமா மூணு வேளையும் நானே பக்கத்துல உக்காந்து சாப்பிட வச்சிருக்கேன். ஒரு கிலோ இறங்கல, பாத்துக்கிடுங்க. நூத்தி அறுபத்திரண்டு."

பேச்சை மாற்ற தமயந்திக்கு ஆயிரம் வழி இருந்தது. அடுத்த மாதம் வாங்க என்று சொல்லிவிடலாம், பெரிய டாக்டர் சங்கரபாண்டியனிடம் கலந்து பேசுகிறேன் என்றும் சொல்லலாம். அப்படி ஒரு வார்த்தை சொன்னால் எதிரில் இருக்கும் இந்தத் தரகருக்கு உடனே புரிந்துவிடும்.

"இப்ப இங்க நூத்தி முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்கறதில்ல ரெஜினாள்," என்றாள். "தண்ணியை மாத்திட்டோம். உங்களுக்குச் செஞ்சதுலேருந்துதான் அது தெரிஞ்சுது. ஒரே நாள்ல மூணு பேருக்குச் செய்ய முடியுது."

ரெஜினாளின் முகத்திலிருந்த பூரிப்பு போக நேரம் பிடித்தது. நம்பாமல் தமயந்தியின் கண்ணைப் பார்த்தார், பிறகு நம்பினார்.

"யாரு போட்ட சட்டம்?"

"நாங்கதான்."

"நீங்களுமா?"

"நானும் கை தூக்கினேன்."

"அப்ப என் வயித்த வச்சுப் படிச்சிட்டு," என்றார் ரெஜினாள். "இவளக் கழிச்சிட்டிய."

தமயந்தி நாற்காலியை விட்டு எழுந்தாள். பெரிய டாக்டரிடம் இப்போதே போகிறேன், ஒரு நாள் பழைய தண்ணீர் விடச் சொல்லி அவர் வாசலிலேயே உட்காருகிறேன் என்று சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். ரெஜினாள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. சந்தனமாரியின் பக்கம் திரும்பி அவருடைய முந்தானையைச் சரிசெய்துவிட்டார்.

சந்தனமாரி மட்டும் கலங்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவர் போலக் கேட்டார்.

"எவ்வளவு குறைக்கணும் டாக்டரம்மா?"

இருபத்தேழு கிலோ. அதுவரை நோய் காத்திருக்காது என்று தமயந்திக்குத் தெரியும். அவள் வாய் திறக்கத் தயங்குவதைப் பார்த்து சந்தனமாரியே தைரியம் சொன்னார்.

"சும்மா சொல்லுங்க. எனக்குப் பழக்கம்தான்."